சிறு முற்றத்தில் கொத்து ரோஜா

பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறிய குடும்பங்களில், சமையலறைக்கு வேண்டிய புளியும் பெருங்காயமும் வந்து சேர்ந்த பின்பு எழும் அடுத்த கேள்வி பெரும்பாலும் பூவைப் பற்றியதாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கிற்குப் பூ வேண்டும். சுவாமி படத்திற்குப் பூ வேண்டும். பெண் குழந்தையின் பின்னலில் செருக ஒன்றாவது வேண்டும். தில்லியில் தமிழர் பலர் வாழ்ந்துவரும் கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார் போன்ற பகுதிகளில் கட்டிய சரம் கிடைப்பதுண்டு. ஆயினும் கார்த்திகை பிறந்து குளிர் இறங்கியதும், வீட்டுத் தொட்டியில் நாம் வளர்க்கும் மல்லிகை பூக்க மறந்து ஒடுங்கிவிடுகிறது. பொங்கலன்று அதன் அருகே சென்று பார்த்தால் வெறும் குச்சியும் சில பழுத்த இலைகளுமே மிஞ்சியிருக்கும்.

மல்லிகை ஒடுங்கியிருக்கும் அந்த மாதங்களிலேதான் வடபுலத்துச் சமவெளியில் ரோஜா தன் முழுப் பொலிவுடன் விளங்குகிறது. நவம்பர் இறுதியில் தொடங்கி மார்ச் இறுதிவரை அதன் காலம். எனவே ஊர்ப் பூவுக்கு ஏங்கும் குடும்பத்துக்கு, ரோஜா ஓர் அலங்காரப் பொருள் மட்டுமன்று, தேவையும் ஆகும். அந்தத் தேவையை ஒரு சிறு முற்றத்தில், அதிகச் செலவும் அதிக வேலையுமின்றி நிறைவேற்றிக்கொள்வது எவ்வாறு என்பதையே இங்கே கூற முற்படுகிறோம்.

நம்மவர் பலர் ரோஜாவைச் செல்வந்தரின் மலர் என எண்ணி ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. ஆண்டுதோறும் குளிர்காலத்தின் முடிவில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். முன்பு முகலாயத் தோட்டம் என வழங்கிய அது 2023-ம் ஆண்டிலிருந்து அம்ருத் உத்யான் என அழைக்கப்படுகிறது. குழந்தைகளுடன் அங்கே சென்று, நீண்ட காம்பின் நுனியில் உள்ளங்கையகலம் விரிந்து நிற்கும் ரோஜாக்களைக் கண்டு வியக்கிறோம். திரும்பும் வழியில் நர்சரியில் இறங்கி, அதே பெரிய பூவைத் தரும் செடி நான்கை வாங்கி வருகிறோம். அங்கே தேர்ந்த தோட்டக்காரர்கள் பலர் நாள் முழுவதும் உழைக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். மறு ஆண்டு நம் முற்றத்தில் எஞ்சியிருப்பது முள்ளும் வருத்தமுமே. பிழை ரோஜாவினுடையதன்று. நம் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற ரோஜாவை நாம் தேர்ந்தெடுக்கவில்லை.

ரோஜாவில் பல குலங்கள் உண்டு. மேலே சொன்ன பெரும்பூ ரோஜாவை ஹைபிரிட் டீ என்பர். ஒரு தண்டுக்கு ஒரு பூ என்பது அதன் இயல்பு. மற்றொன்று பாலியாந்தா. குள்ளமான செடியில் சிறு பூக்கள் பெருங்கொத்தாக மலரும். ஐரோப்பாவின் வடபகுதியிலுள்ள டென்மார்க்கில் பூல்சன் என்னும் தோட்டக் குடும்பத்தார், தங்கள் நாட்டுக் கடுங்குளிரைத் தாங்கித் தொடர்ந்து பூக்கும் செடி ஒன்று வேண்டுமென்று விரும்பினர். பாலியாந்தா இனத்துச் செடியையும் ஹைபிரிட் டீ இனத்துச் செடியையும் மகரந்தக் கலப்புச் செய்து, எல்சே பூல்சன், கிர்ஸ்டன் பூல்சன் என்னும் இரு வகைகளை 1924-ம் ஆண்டில் வெளியிட்டனர். தாயிடமிருந்து கொத்தும் உறுதியும், தந்தையிடமிருந்து பூவின் அளவும் அழகும் இவ்வழியில் வந்த செடிகளில் சேர்ந்தன. பின்னர் இக்குலத்துக்குப் புளோரிபண்டா என்னும் பெயர் நிலைத்தது. மிகுதியாகப் பூப்பது என்பதே அந்த இலத்தீன் சொல்லின் பொருள். நாம் அதைக் கொத்து ரோஜா என்று அழைக்கலாம்.

கடுங்குளிருக்காகப் பிறந்த செடி, மே மாதத்தில் 45 டிகிரி வெப்பம் தகிக்கும் நம் சமவெளிக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்துவதற்குக் காரணம் அதன் கிளைக்கும் ஆற்றல். ஒரு கிளை கருகினால் இரண்டு கிளைகளை விடும். ஹைபிரிட் டீயில் ஒரு மொட்டைப் புழு தின்றுவிட்டால் அந்தத் தண்டின் பயன் அத்துடன் முடிந்தது. கொத்து ரோஜாவிலோ ஒரு மொட்டுப் போனால் அதே கொத்தில் இன்னும் பல மொட்டுகள் காத்திருக்கும். செடியின் உயரம் பெரும்பாலும் 2 அடி முதல் 3 அடிக்குள் அடங்கிவிடுவதால், 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலத்தில் 6 செடிகள் இடைஞ்சலின்றி வளரும். பூஜைக்கு ஒரு கைப்பிடி பூப் பறித்தாலும் செடி வெறுமையாகத் தோன்றாது. கண்காட்சியில் பரிசு பெறுவது நோக்கமானால் பெரும்பூவை நாடலாம். வீட்டுக்கு நாள்தோறும் பூ வேண்டுமானால் கொத்து ரோஜாவே துணை.

இந்த வகையில் நம் நாட்டவரின் பணியும் சிறப்பானது. தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1950 முதல் 1965 வரை விளங்கியவர் டாக்டர் பெஞ்சமின் பியரி பால். கோதுமையைத் தாக்கும் துரு நோயை எதிர்த்து நிற்கும் வகைகளை உருவாக்கிப் புகழ் பெற்ற அவர், ஓய்வு வேளைகளில் ரோஜாவை ஆராய்ந்து, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற புதிய வகைகளை உண்டாக்கினார். இந்தியாவில் ரோஜா வளர்ப்பதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1966-ல் வெளிவந்தது. அவரும் அந்நிலையத்தாரும் தந்த கொத்து ரோஜாக்களில் 'டெல்லி பிரின்சஸ்' ஆழ்ந்த ரோஜா நிறம். 'ஹிமாங்கினி' தந்த வெண்மை. 'பஞ்சாரன்' சிவப்பும் மஞ்சளும் கலந்தது. 'மோகினி' சாக்லேட்டை நினைவூட்டும் பழுப்பு. வெளிநாட்டு வகைகளில் ஒன்றே ஒன்று வாங்க எண்ணுவோர் ஜெர்மனியின் கோர்டஸ் தோட்டத்தார் 1958-ல் வெளியிட்ட 'ஐஸ்பெர்க்' என்னும் வெள்ளை ரோஜாவை வாங்கலாம். முள் குறைவு, பூ மிகுதி. ஆனால் 'குவீன் எலிசபெத்' என்பதைக் கொத்தாகப் பூக்கிறதே என்று கருதிச் சிறு முற்றத்தில் வைத்துவிட வேண்டாம். அது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து சன்னலை மறைத்துவிடும்.

இனி வளர்க்கும் முறைக்கு வருவோம். முறை எது என்பதைச் சொல்லுமுன் முறையல்லாததைச் சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் தில்லியில் முதன்முதலாகத் தரைத்தள வீடொன்றில் குடியிருந்தபோது, வீட்டின் முன்னே இருந்த சிறு நிலத்தில் ஆறு கொத்து ரோஜாச் செடிகளை வைத்தோம். வழிகாட்டியாகத் தரியாகஞ்சில் பழைய புத்தகங்களிடையே கிடைத்த ஆங்கில நூல் ஒன்று உதவியது. மார்ச் மாதத்தில் செடிகளைக் கட்டையாக வெட்டிக் கவாத்துச் செய்யவேண்டும் என்று அந்நூல் அழுத்தமாகக் கூறியது. அவ்வாறே செய்தோம். அந்நூல் இங்கிலாந்து நாட்டுக்காக எழுதப்பட்டது என்பதும், அங்கே மார்ச் மாதம் பனி விலகிச் செடி விழித்தெழும் காலம் என்பதும் எங்கள் புத்திக்கு எட்டவில்லை. இங்கே மார்ச்சுக்குப் பின் வருவது வசந்தத்தின் வளர்ச்சியன்று, கோடையின் கொடுமை. இலைநிழல் இல்லாத பசுந்தண்டுகளில் ஏப்ரல் வெயில் நேராக விழுந்தது. தண்டின் தெற்குப் பக்கம் முதலில் பழுத்தது, பிறகு கறுத்தது. ஜூன் முடிவதற்குள் ஆறில் நான்கு செடிகள் மடிந்தன.

எனவே முதல் விதி இது: வடபுலத்துச் சமவெளியில் கவாத்துக்கு உரிய காலம் அக்டோபர். தில்லியில் அக்டோபர் 2-வது வாரமும் 3-வது வாரமும் ஏற்றவை. மழை ஓய்ந்து, பகல் வெயில் தணிந்து, இரவில் மெல்லிய போர்வை தேவைப்படும் நாள் வந்துவிட்டதென்றால் கவாத்துக் கத்தரியை எடுக்கலாம். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். பின்னர், காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, குச்சி போல் மெலிந்த கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்கவேண்டும். எஞ்சும் உறுதியான கிளைகளில் நான்கு முதல் ஆறு வரை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கலாம். வெளிப்பக்கம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, ஒரே வெட்டாக வெட்டுதல் வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் நுனிக்கருகல் நோய் புகும். வெட்டுவாயில் தாமிரப் பூசணக்கொல்லிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவிவிட்டால் அந்நோய் அண்டாது. பெரும்பூ ரோஜாவைப் போல இதை மிகவும் ஒட்ட வெட்டுதல் கூடாது. கிளை மிகுந்தால்தான் கொத்து மிகும்.

கவாத்து முடிந்ததும் உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றி, மேல்மண்ணை வேர் அறுபடாதவாறு லேசாகக் கிளறி, செடி ஒன்றுக்கு 3 கிலோ அளவு நன்கு மக்கிய தொழு எருவும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, நிறையத் தண்ணீர் விடவேண்டும். எலும்புத் தூள் இடுவது வழக்கம். பூஜைக்கு வைக்கும் செடியில் அதை இட மனம் ஒப்பாத குடும்பங்கள் 50 கிராம் சூப்பர் பாஸ்பேட் இடலாம், பயனில் குறைவில்லை. பச்சைச் சாணத்தை மட்டும் இடவேண்டாம். அது வேரைச் சுடுவதோடு கறையானையும் அழைத்துவரும். இவ்வளவும் செய்தால் ஏறக்குறைய 45 முதல் 50 நாட்களில், நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ முதல் பூ மலரும். கடுங்குளிரில் மொட்டுகள் சற்றே தயங்கும். மீண்டும் பிப்ரவரியில் செடி நிறையப் பூக்கும். இடையில் நம் வேலை ஒன்றே. வாடிய கொத்தை, அதற்குக் கீழே இரண்டு இலை விட்டு, வெட்டிவிட வேண்டும். வாடிய பூவை விட்டுவைத்தால் செடி காய் பிடிப்பதில் கருத்தைச் செலுத்தும்; பூப்பதை மறந்துவிடும். கொத்தின் நடுவிலுள்ள மொட்டு மற்றவற்றுக்கு முன்பே மலர்ந்து முதலில் வாடிவிடுவது இவ்வினத்தின் இயல்பு. அந்த நடுமொட்டை மட்டும் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் மற்ற மொட்டுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மலர்ந்து கொத்து நிறைவாகத் தோன்றும்.

இரண்டாவது விதி இடத்தைப் பற்றியது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். முற்பகல் வெயிலாயின் மிகவும் நல்லது. நகரத்து வீட்டு முற்றங்களில் மண் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் சுண்ணாம்பும் சிமெண்டுமே. தில்லியின் மண்ணும் நீரும் இயல்பாகவே காரத்தன்மை உடையவை. அதனுடன் சுண்ணாம்பும் சேர்ந்தால், ரோஜாவின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றெல்லாம் மஞ்சளாகவும் மாறும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் அதை உண்ண இயலாமற் போவதே அதன் காரணம். ஆகவே ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழி தோண்டி, இடிபாட்டை முழுவதும் எடுத்தெறிந்து, நல்ல தோட்ட மண் இரண்டு பங்கும் மக்கிய எரு ஒரு பங்கும் கலந்து நிரப்பவேண்டும். குழிகளுக்கிடையே ஒன்றரை முதல் 2 அடி இடைவெளி போதும்.

நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி மண்ணுருண்டை இருக்கும். அது உடையாமல் வைப்பது முக்கியம். செடியின் அடியில் ஒரு முண்டு தெரியும். அதுதான் கண் ஒட்டுக் கட்டிய இடம். அதனை மண்ணுக்குள் புதைக்கவேண்டும் என்று குளிர்நாட்டு நூல்கள் கூறும். நம் சமவெளியில் அது மண்மட்டத்துக்கு 2 அங்குலம் மேலேயே நிற்கவேண்டும். நடுவதற்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை எப்பொழுதும் ஏற்றதே. நிலமே இல்லாதவர்கள் பால்கனியில் 12 அங்குல மண்தொட்டியில் வைக்கலாம். தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி, மேலே மண் நிரப்பி, தண்ணீர் தேங்காமல் வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஆண்டுக்கொரு முறை, கவாத்தின்போது, மேல்மண்ணில் 3 அங்குலத்தை அகற்றிப் புது எரு நிரப்பினால் தொட்டிச் செடியும் பல ஆண்டு பூக்கும்.

மூன்றாவது விதி ஒட்டைப் பற்றியது. இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் சற்றே வேறானது. முதற்கோடையில் எஞ்சிய இரண்டு செடிகளில் ஒன்று ஐஸ்பெர்க். அதுவும் மேலே கருகிக் குச்சியாகவே நின்றது. ஜூலையில் மழை பெய்ததும் அடியிலிருந்து செழுமையான துளிர்கள் கிளம்பின. போன உயிர் திரும்பியதென்று மகிழ்ந்தோம். வெட்ட அஞ்சி அக்டோபரில் கவாத்தும் செய்யாமல் விட்டோம். செடி ஆளுயரத்துக்கு வளைந்து வளர்ந்தது; குளிர்காலம் முழுவதும் ஒரு மொட்டும் இல்லை. பிப்ரவரி இறுதியில் மொட்டு விட்டது. மார்ச்சில் மலர்ந்தது. வெள்ளைப் பூவை எதிர்பார்த்திருந்த எங்கள் முன்னே இளஞ்சிவப்பு நிறத்தில், இதழ்கள் கலைந்த, மணம் மிகுந்த பூ வந்து நின்றது. நர்சரியில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு செய்தோம்.

அச்சமயம் திருச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் தாயார் வந்திருந்தார். மொழி தெரியாத ஊர், வெளியே செல்லத் துணை வேண்டும், பேச ஆள் இல்லை என்னும் நிலையில், வந்த நாளாகத் திரும்பிச் செல்வதிலேயே அவர் மனம் இருந்தது. ஒருநாள் காலை முற்றத்தில் நின்றவர் ஒரு பூவைப் பறித்து முகர்ந்துவிட்டு, "இது நம் கிணற்றடிப் பன்னீர் ரோஜா அல்லவோ? இதை இங்கே கொண்டுவந்து வைத்தது யார்?" என்று கேட்டார். நாங்கள் வைக்கவில்லை என்றோம். அவர் நம்பவில்லை.

விவரம் தெரிந்த முதிய மாலி ஒருவரிடம் கேட்டபோது உண்மை விளங்கியது. நாம் வாங்கும் ரோஜாச் செடி ஒன்றல்ல, இரண்டு. மேலே பூப்பது ஒரு செடி. அதைத் தாங்கும் வேர் வேறொரு செடி. வட இந்தியாவில் வேர்ச்செடியாகப் பெரிதும் பயன்படுபவற்றுள் ஒன்று எட்வர்டு ரோஜா. தமிழ்நாட்டில் மாலைக்கும் சரத்துக்குமென்று வயல்களில் பயிரிடுகின்ற அதே எட்வர்டு ரோஜாவைத்தான் நம்மவர் பன்னீர் ரோஜா என்று அழைக்கின்றனர். குச்சியை ஒடித்து நட்டால் எளிதில் வேர் பிடிப்பதாலும், வெப்பத்தையும் கார மண்ணையும் தாங்குவதாலும் அதை வேருக்கு வைக்கின்றனர். எங்கள் ஐஸ்பெர்க் மேலே மடிந்தது. கீழே இருந்த எட்வர்டு எழுந்து பூத்தது. நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. நாங்கள்தாம் பார்க்கத் தவறினோம்.

ஆகவே ஒட்டு முண்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை விட்டுவைத்தல் கூடாது. அது வேரின் உணவை முழுவதும் தானே உண்டு மேற்செடியைப் பட்டினி போடும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத் துளிர், ஐந்து இருந்தால் நல்ல துளிர் என்று பலர் கணக்குச் சொல்வதுண்டு. அதை நம்ப வேண்டாம். கொத்து ரோஜாவிலும் ஏழு சிற்றிலை வரும். மண்ணை விலக்கி, துளிர் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்பதே உறுதியான வழி. முண்டுக்குக் கீழே பிறந்தால் கத்தரியால் வெட்டாமல் கையால் பிடித்து இழுத்துக் கிள்ளி எடுக்கவேண்டும். வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக முளைக்கும்.

செடியைப் பிடுங்கி எறிந்துவிடும்படி மாலி கூறினார். தாயார் ஒப்பவில்லை. பென்சில் கனமுள்ள தண்டுகளாகப் பார்த்து முக்கால் அடி நீளத்துக்கு நறுக்கி, இரண்டு தொட்டிகளில் தம் கையாலேயே ஊன்றிவைத்தார். சில வேர் பிடித்தன. அவை துளிர்க்கும்வரை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தங்கியவர், அந்த ஆண்டு மழைக்காலம் முடியும்வரை எங்களுடன் இருந்தார். அக்டோபரில் பழைய இடத்தில் புதிய ஐஸ்பெர்க் ஒன்றை வைத்தோம். அதன் வேர் எந்தச் செடி என்பதை இம்முறை அறிந்தே வைத்தோம்.

மற்றக் காலங்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை செடியைப் பூக்கவைக்க முயலாமல் பிழைக்கவைத்தால் போதும். இலையே தண்டுக்குக் குடை, அதை வெட்டவேண்டாம். காலையிலோ மாலையிலோ வேர்வரை இறங்குமாறு தண்ணீர் விட்டு, அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும். தொட்டிகளைப் பிற்பகல் வெயில் படாத பக்கம் நகர்த்திவிடலாம். ஊருக்குக் கோடை விடுமுறையில் செல்லும் குடும்பங்கள் அண்டை வீட்டாரிடம் தண்ணீர் விடச் சொல்லிச் செல்வது அவசியம். எங்கள் அனுபவத்தில் இதுவே பல நட்புகளின் தொடக்கமும் ஆகும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், எரு இடவேண்டாம்.

நோயும் பூச்சியும் கொத்து ரோஜாவுக்கும் உண்டு. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி தோன்றினால் அந்த இலைகளைப் பொறுக்கி அகற்றிவிட வேண்டும். இலைமேல் தண்ணீர் தெளிக்காமல் வேருக்கு மட்டும் விடவேண்டும். குளிர் தணியும் பிப்ரவரி, மார்ச்சில் இளமொட்டுகளில் அசுவினி மொய்க்கும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியதற்கு வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் தண்ணீரில் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். கொடிய விஷ மருந்துகளை நாடவேண்டாம். நாம் இந்தப் பூவைத் தலையில் சூடுகிறோம், குழந்தைகள் முகர்ந்து பார்க்கிறார்கள், சுவாமிக்குச் சாத்துகிறோம். நான்கு இலையில் பூச்சி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தில்லியை வைத்தே இதுவரை கூறினோம். பஞ்சாப், உத்தரப் பிரதேசச் சமவெளியில் வாழ்வோருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். கொல்கத்தாவில் மழை பின்தங்கி ஓய்வதால் கவாத்தை அக்டோபர் இறுதிக்கோ நவம்பர் தொடக்கத்துக்கோ தள்ளிவைக்கலாம். மும்பையில் வெயிலைவிட மழையே பகை. அங்கே தொட்டியில் வைத்து, பெருமழையில் கூரையோரம் ஒதுக்குவதே எளிது. பெங்களூரில் செடி ஆண்டு முழுவதும் வளர்வதால், ஒரே முறை ஆழமாக வெட்டாமல் அவ்வப்போது லேசாக வெட்டிவரலாம். சிம்லா போன்ற மலையூர்களில் மட்டும் குளிர் முடியும்போது வெட்டவேண்டும். எங்களை ஏமாற்றிய அந்த ஆங்கில நூல் அங்கே பொய்க்காது. பூவின் பெயரைக் கேட்டு வாங்குவதுபோலவே, அந்த ஊரில் எப்போது வெட்டுவார்கள் என்பதையும் உள்ளூர் மாலியிடம் கேட்டறிவது நன்று. எந்த நூலும் அண்டை வீட்டுச் செடிக்கு ஈடாகாது.

கடைசியாக ஒன்று. மாற்றலில் வாழும் நமக்கு, இன்னும் எத்தனை நாள் இந்த வீட்டில் இருப்போமோ, இதில் செடி வைப்பானேன் என்ற எண்ணம் எழுவது இயற்கை. அந்த எண்ணத்தாலேயே வெறும் முற்றத்துடன் பல ஆண்டுகளைக் கழித்தவர்களை அறிவோம். ரோஜா அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்வதில்லை. அக்டோபரில் நட்டால் அந்தக் குளிர்காலத்திலேயே பூக்கும். தொட்டியிலிருப்பது நம்முடன் வண்டியேறும். தரையிலிருப்பது அடுத்துக் குடிவருவோருக்குப் பூக்கும்.

நாங்களும் அந்த முதல் வீட்டை விட்டு, ஒரு ஜூன் மாதத்தில், நகரின் மறுகோடிக்குச் செல்ல நேர்ந்தது. பன்னீர் ரோஜாத் தொட்டி இரண்டும் உடன் வந்தன. தரையிலிருந்த ஐஸ்பெர்க்கை அந்த வெயிலில் பெயர்த்தால் பிழைக்காதென்று விட்டுவந்தோம். மறு ஆண்டு பிப்ரவரியில் அத்தெரு வழியே செல்லும்போது நின்று பார்த்தோம். செடி வெண்மையாகப் பூத்து நிறைந்திருந்தது. ஒழுங்காகக் கவாத்துச் செய்யப்பட்டிருந்ததும் தெரிந்தது. வெளியே வந்த பஞ்சாபி அம்மையாரிடம், இதை வைத்தவர்கள் நாங்கள் என்று சொன்னோம். அவர் உள்ளே சென்று கத்தரி எடுத்துவந்து ஒரு பெரிய கொத்தை வெட்டிக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் விளக்கேற்றும்போது அந்தக் கொத்தையும், எங்கள் தொட்டியில் அன்று மலர்ந்திருந்த பன்னீர் ரோஜாவையும் சேர்த்தே வைத்தோம்.

வருகின்ற அக்டோபரில், இடம் சிறிதென்று தயங்காமல், நம் நேயர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொத்து ரோஜாவையேனும் நட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.